பறப்பதற்கு முன் இறங்கக் கத்துக்கணும்... ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் விதிகளுக்குப் பின்னால் இருக்கும் கதை!

உங்கள் ஃபோனிலும் அந்த ரீல்ஸ் வந்திருக்கும். ஒரு பெண் வேகமாக ஓடி வருகிறாள். ஒரு பலகையை மிதிக்கிறாள், மேசையைக் கையால் தள்ளுகிறாள், காற்றில் சுழல்கிறாள், பட்டென்று நிற்கிறாள். மொத்தமே 10 விநாடிக்குள் முடிந்துவிடும். 'செம்ம!' என்று ஒரு ஃபயர் எமோஜி போட்டுவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விடுவோம்.

அந்த 10 விநாடிக்குப் பின்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்பதை ரீல்ஸ் காட்டாது. முக்கியமாக, "இது உனக்கு இப்ப வேண்டாம்" என்று ஒரு கோச் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதைக் காட்டவே காட்டாது. வால்ட்டைப் பொறுத்தவரை, அந்த 'இப்ப வேண்டாம்'தான் பயிற்சியிலேயே முக்கியமான பாடம். நீங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்பவராக இருக்கலாம், உங்கள் தங்கையோ தம்பியோ கிளாஸுக்குப் போகலாம், அல்லது ஒலிம்பிக் நேரத்தில் மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் இந்த விதிகளின் கதையைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை வால்ட் பார்க்கும்போது வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

முதலில், வால்ட் என்றால் என்ன?

ஓடுபாதை அதிகபட்சம் 25 மீட்டர். அதன் முடிவில் ஒரு ஸ்பிரிங் போர்டு. அதற்கு அந்தப் பக்கம் வால்டிங் டேபிள் எனப்படும் மேசை. பெரியவர்கள் போட்டியில் பெண்களுக்கு இதன் உயரம் 125 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 135 சென்டிமீட்டர்.

ஒரு வால்ட்டை ஆறு துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டம், போர்டில் மிதிப்பது, மேசை வரை போகும் முதல் பறத்தல், மேசையைக் கைகளால் தள்ளுவது, பல்டியும் சுழற்சியும் நடக்கும் இரண்டாம் பறத்தல், கடைசியாகத் தரையிறங்குவது. நாம் எல்லோரும் ரசிப்பது ஐந்தாவது துண்டைத்தான். ஆனால் அது எப்படி அமையும் என்பது முதல் நான்கிலேயே முடிவாகிவிடும். ஓட்டத்தில் ஒரு அடி தப்பினால் போர்டில் கால் சரியாக விழாது. போர்டில் சரியாக விழாவிட்டால் மேசையில் கை சரியாகப் படாது. அதற்குப் பிறகு காற்றில் போய்த் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது. பாரில் தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம், பீமில் தடுமாறினால் குதித்து இறங்கிவிடலாம். வால்ட்டில் மேசையைத் தள்ளிவிட்டால் முடிந்தது, நடுவில் இறங்க வழியில்லை.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

ஜிம்னாஸ்டிக்ஸில் 'பெர்ஃபெக்ட் 10' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்வதேசப் போட்டிகளில் 2006-லேயே அந்த முறை போய்விட்டது. இப்போது இரண்டு மார்க்குகளைக் கூட்டுகிறார்கள். ஒன்று டி ஸ்கோர், அதாவது வால்ட் எவ்வளவு கடினம் என்பதற்கு. இன்னொன்று இ ஸ்கோர், எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு. இ ஸ்கோர் 10-ல் ஆரம்பித்து, தவறுக்கு ஏற்ப 0.1, 0.3, 0.5 என்று குறைந்துகொண்டே வரும். விழுந்தால் நேராக 1 மார்க் போய்விடும்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 2022 முதல் 2024 வரை இருந்த விதிப்புத்தகத்தில், பெண்களின் யுர்சென்கோ வால்ட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 4.2, ஒன்றரைச் சுற்றுக்கு 4.6, இரண்டு சுற்றுக்கு 5.0. அதாவது, அரைச் சுற்று கூடுதலாகச் செய்தால் கிடைப்பது 0.4 மார்க். அந்த அரைச் சுற்று முழுமையடையாமல் விழுந்தால் போவது 1 மார்க். கால் சேராமல் இருந்ததற்கும் உடல் வளைந்ததற்கும் தனியாக வேறு குறைப்பார்கள்.

கடையில் 40 ரூபாய் தள்ளுபடிக்காக 100 ரூபாயைத் தொலைப்பது போலத்தான் இது! தயாராகாத ஒருவர் கடினமான வால்ட்டுக்குப் போவது மார்க் கணக்கிலேயே நஷ்டம். உடம்பின் கணக்கை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

முட்டை மார்க் வாங்கித் தரும் தவறுகள்

சில தவறுகளுக்கு மார்க் குறைப்பதோடு விடமாட்டார்கள், மொத்த வால்ட்டுக்கும் பூஜ்யம்தான். பெண்கள் பிரிவில் முக்கியமானவை இவை:

* மேசையைக் கை தொடாமலேயே தாண்டிவிடுவது.
* தரையிறங்கும்போது பாதம் முதலில் படாமல் வேறு எந்த உறுப்பாவது படுவது.
* வால்ட் நடக்கும்போது கோச் கை கொடுத்து உதவுவது.
* யுர்சென்கோ வகை வால்ட்டில், போர்டைச் சுற்றி வைக்க வேண்டிய பாதுகாப்பு மேட்டை வைக்காமல் குதிப்பது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ஓடி வரும்போது 'ஏதோ சரியில்ல' என்று தோன்றினால் நின்றுவிடலாம். போர்டையும் மேசையையும் தொடாமல் இருந்தால், 1 மார்க்கை இழந்துவிட்டு மறுபடி ஓட முடியும். விழுந்தாலும் 1 மார்க், நின்றாலும் 1 மார்க். ஆனால் நின்றவர் இரண்டு காலில் நடந்து திரும்பிப் போகிறார். இளம் வீரர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். பாதியில் நிற்பது கோழைத்தனம் கிடையாது, அதுவும் ஒரு ஸ்கில்!

ஒரு மேட்டின் பின்னால் ஒரு உயிர்

மேலே சொன்ன பாதுகாப்பு மேட் ஏன் வந்தது தெரியுமா?

சோவியத் வீராங்கனை நடாலியா யுர்சென்கோ 1982-ல் ஒரு புது வகை வால்ட்டை அறிமுகப்படுத்தினார். ஓடி வந்து, கார்ட்வீல் போலக் கையூன்றித் திரும்பி, முதுகு மேசையைப் பார்க்கும்படி போர்டில் இறங்கி, பின்பக்கமாகவே மேசைக்குப் பாய்வது. நல்ல வேகமும் உயரமும் கிடைக்கும் என்பதால் உலகமே அதைப் பின்பற்றியது. சிக்கல் என்னவென்றால், போர்டில் கால் வைக்கும்போது போர்டும் தெரியாது, மேசையும் தெரியாது.

1988 மே மாதம், டோக்கியோவில் ஒரு போட்டி. அமெரிக்காவின் ஜூலிஸா கோமஸுக்கு அப்போது 15 வயது. வால்ட் பிரிவுக்கான வார்ம்-அப்பில் யுர்சென்கோ செய்யும்போது கால் போர்டிலிருந்து வழுக்கியது. தலை நேராக வால்டிங் ஹார்ஸில் மோதியது. கழுத்து எலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூன்று வருடங்கள் கழித்து, 1991-ல் அவர் இறந்துபோனார். அப்போது வயது 18. அந்த வால்ட் அவருக்கு எப்போதும் ஒரே மாதிரி அமைந்ததில்லை, போர்டில் கால் விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தது என்று உடன் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

போர்டைச் சுற்றி 'ப' வடிவத்தில் வைக்கும் மெத்தென்ற மேட் கட்டாயமானது இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான். இன்று 10 வயதுக் குழந்தை யுர்சென்கோ பழகும்போதும் கோச் முதலில் அந்த மேட்டைத்தான் இழுத்துப் போடுவார்.

மேசையின் கதையும் இதேதான். முன்பு இருந்தது 'ஹார்ஸ்', அதாவது குதிரை முதுகு போன்ற ஒடுக்கமான சாதனம். அகலம் சுமார் 35 சென்டிமீட்டர். பெண்களுக்கு அதைக் குறுக்காகப் போடுவார்கள். அப்படியென்றால், வேகமாகப் பின்பக்கம் பாயும் ஒருவர், கண்ணால் பார்க்காமல், 35 சென்டிமீட்டருக்குள் இரண்டு கையையும் வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் கை காற்றில்தான். 2001-ல் அதை நீக்கிவிட்டு, 120 சென்டிமீட்டர் நீளமும் 95 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இன்றைய மேசையைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் சரிவாக, மெத்தை வைத்து இருப்பதால், கை தப்பினாலும் மோதலின் வேகம் குறையும்.

உயரம் கொஞ்சம் மாறினால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நடந்ததைப் பாருங்கள். பெண்கள் தனிநபர் ஆல்ரவுண்ட் இறுதிச் சுற்றில், ஹார்ஸை 125 சென்டிமீட்டருக்குப் பதில் 120 சென்டிமீட்டரில் வைத்துவிட்டார்கள். வெறும் 5 சென்டிமீட்டர், நம் கட்டைவிரல் நீளம்தான்! உலகத்தின் சிறந்த வீராங்கனைகள் வரிசையாகத் தடுமாறினார்கள். பட்டம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினாவும் விழுந்தார். ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் "உயரம் சரியில்லை" என்று சொன்ன பிறகே அளந்து பார்த்துச் சரிசெய்தார்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணால் மற்றவர்களும் தப்பித்தார்கள். 'நம்மகிட்டதான் தப்பு இருக்கும்' என்று வாயை மூடிக்கொண்டு ஓடியிருந்தால்?

அரை மார்க்கை விட்டுக்கொடுத்த சிமோன் பைல்ஸ்

"இதெல்லாம் ஆரம்பக்கட்ட ஆட்களுக்கு, பெரிய வீரர்களுக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்காக ஒரு உதாரணம்.

2023, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உலக சாம்பியன்ஷிப். சிமோன் பைல்ஸ் யுர்சென்கோ டபுள் பைக் செய்தார். காலை நீட்டி, இடுப்பில் மட்டும் மடங்கி, பின்பக்கமாக இரண்டு பல்டி. சர்வதேசப் போட்டியில் அதை வெற்றிகரமாகச் செய்த முதல் பெண் என்பதால் அந்த வால்ட்டுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. டி ஸ்கோர் 6.4.

அப்போது அவருடைய கோச் லாரன்ட் லாண்டி தரையிறங்கும் மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். தொடவில்லை, சும்மா நின்றார். ஏதாவது தவறினால் பிடிப்பதற்காக. அப்படி நிற்பதற்கே 0.5 மார்க் குறைப்பார்கள் என்பது விதி. தெரிந்தேதான் நின்றார்கள். அரை மார்க் போனாலும் பரவாயில்லை, கழுத்து பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த அரை மார்க் போன பிறகும் கிடைத்தது 15.266! அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே வால்ட், மேட்டில் யாரும் இல்லை, கழுத்தில் தங்கப் பதக்கம்.

அதற்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். இரண்டரைச் சுற்று செய்ய வேண்டியவர், காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வை இழந்து ஒன்றரைச் சுற்றிலேயே இறங்கினார். 'ட்விஸ்டீஸ்' என்று ஜிம்னாஸ்ட்கள் சொல்லும் நிலை அது. குழுப் போட்டியிலிருந்து அங்கேயே விலகினார். அன்று அவரைத் திட்டியவர்கள் நிறைய. ஆனால் அன்று நின்றதால்தான் பாரிஸுக்கு வர முடிந்தது.

நம்ம தீபாவின் 'மரண வால்ட்'

2016 ரியோ. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், திரிபுராவின் தீபா கர்மாகர். அவர் செய்தது புரொடுனோவா. முன்பக்கமாகக் கையூன்றிப் பாய்ந்து, முன்பக்கமாகவே இரண்டு பல்டி. தரை கண்ணுக்குத் தெரிவதற்குள் கால் தரையில் இருக்க வேண்டும். சுழற்சி குறைந்தால் முதுகிலோ கழுத்திலோ விழ வேண்டியதுதான். அதனால்தான் இதற்கு 'மரண வால்ட்' என்று பெயர். போட்டியில் இதைச் செய்து முடித்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தீபா கிட்டத்தட்ட உட்கார்ந்தேவிட்டார். ஆனாலும் பாதம் முதலில் பட்டது. சராசரி 15.066, நான்காவது இடம். வெண்கலம் 0.150 மார்க்கில் நழுவியது. நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அப்போது புரொடுனோவாவின் டி ஸ்கோர் 7.0. மார்க் அதிகம் என்பதாலேயே தயாராகாதவர்களும் அதை முயன்று, மோசமாக விழுந்து, அப்படியும் நல்ல மார்க்கோடு போகும் நிலை இருந்தது. 2017-ல் வந்த புது விதிப்புத்தகத்தில் அதை 6.4 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆபத்தை எடுப்பதற்கான பரிசைக் குறைத்தால், ஆபத்தை எடுப்பவர்களும் குறைவார்கள்.

தீபாவுக்கு அதே 2017-ல் முழங்கால் அறுவை சிகிச்சை. மெதுவாகத் திரும்பி வந்தார். 2024-ல், 30 வயதில், ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட்டில் தங்கம் வாங்கினார். சராசரி 13.566. ரியோ மார்க்கைவிடக் குறைவு, ஆனால் பதக்கம் தங்கம்!

படிக்கட்டு எப்படி இருக்கும்?

நல்ல பயிற்சி மையத்தில் குழந்தையை முதல் நாளே மேசை மேல் ஏற்றமாட்டார்கள். பெரும்பாலும் வரிசை இப்படித்தான் போகும்:

1. விழக் கற்றுக்கொள்வது. முழங்காலை லேசாக மடக்கி இறங்குவது, உருள்வது, கையைப் பின்னால் ஊன்றாமல் விழுவது. மணிக்கட்டும் முழங்கையும் உடைவது பெரும்பாலும் கையூன்றி விழுவதால்தான்.
2. ஓட்டமும் போர்டும். ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கையில் அடி வைத்து ஓடி, இரண்டு காலையும் சேர்த்துப் போர்டில் மிதித்து, நேராக மேலே குதித்து, ஆடாமல் நிற்பது. பார்க்க போரடிக்கும். ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.
3. அடுக்கிய மேட் மேல் தலைகீழ் நிற்றல். போர்டில் மிதித்து, மேட் அடுக்கின் மேல் ஹேண்ட்ஸ்டாண்ட் போய், உடம்பைப் பலகை போல விறைப்பாக வைத்து முதுகுப் பக்கமாக மெத்தையில் விழுவது. அமெரிக்காவின் 10 நிலைப் பயிற்சித் திட்டத்தில் மூன்றாம் நிலை வரை மேசையே கிடையாது, மேட் அடுக்கு மட்டும்தான்.
4. மேசை மேல் ஹேண்ட்ஸ்பிரிங். அதே திட்டத்தில் நான்காம், ஐந்தாம் நிலைகளில் எல்லோரும் செய்வது இந்த ஒரே வால்ட்தான். பல்டி கிடையாது, சுழற்சி கிடையாது. கைத்தள்ளு சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப இதுவே.
5. பல்டி, மென்மையான இடத்தில். முதலில் ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய குழியில், பிறகு தடித்த மெத்தையில், அதன்பின்தான் போட்டி மேட்டில். உடம்பைச் சுருட்டிய பல்டி முதலில், மடங்கியது அடுத்து, நீட்டியது கடைசியில்.
6. சுழற்சி. பல்டி உறுதியான பிறகு அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது போகலாம்? 'ஒரு முறை வந்துடுச்சு' என்பது தகுதி ஆகாது. பயிற்சியின் முடிவில், உடம்பு களைத்திருக்கும்போதும் அதே மாதிரி வருகிறதா என்பதுதான் கேள்வி. பத்தில் இரண்டு முறை கால் தப்பினால், அந்தப் படி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

வளர்கிற உடம்பு வேற மாதிரி

சிறுவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். எலும்பு நீளமாவது அங்கேதான். கையூன்றி மேசையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் இருக்கும் அந்தத் தட்டு நசுங்குகிறது. ஓய்வில்லாமல் தொடர்ந்தால் வலியும் வீக்கமும் வரும். இதற்கு 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்று தனிப்பெயரே உண்டு. 'வலிச்சாலும் டேப் சுத்திட்டுச் செய்' என்பது இங்கே செல்லாது. கவனிக்காமல் விட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

இன்னொன்று, திடீரென உயரமாகும் வயது. ஆறு மாதத்தில் கை கால் நீண்டுவிட்டால், மூளை பழகியிருந்த கணக்கு எல்லாம் மாறிப்போகும். போன வருடம் சுலபமாக வந்த வால்ட் இந்த வருடம் வராது. பிள்ளை சோம்பேறியாகிவிட்டாள் என்று திட்ட வேண்டாம். ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறினால் போதும்.

கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள்

நீங்களோ உங்கள் வீட்டுக் குழந்தையோ வால்ட் பழகுவதாக இருந்தால், இந்தக் கேள்விகளைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை:

* புது ஸ்கில் பழக ஸ்பாஞ்ச் குழியோ தடித்த மெத்தையோ இருக்கிறதா?
* யுர்சென்கோவுக்குப் பாதுகாப்பு மேட் இருக்கிறதா? பயிற்சியிலும் போடுகிறார்களா, போட்டியில் மட்டுமா?
* மேசை உயரத்தை வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாற்றுகிறார்களா? குதிப்பதற்கு முன் யார் சரிபார்க்கிறார்கள்?
* 'எனக்குப் பயமா இருக்கு' என்று குழந்தை சொன்னால் என்ன செய்வார்கள்?

கடைசிக் கேள்விக்கான பதிலைக் கூர்ந்து கவனியுங்கள். "பயத்தையெல்லாம் விரட்டிடுவோம் சார்" என்றால் யோசியுங்கள். "ஒரு படி கீழ போய்ப் பார்ப்போம்" என்றால் நல்ல இடம்.

ரீல்ஸ் பார்த்துவிட்டு மொட்டைமாடியிலோ, கட்டில் மெத்தையிலோ, பீச் மணலிலோ பல்டி அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றினால், வேண்டவே வேண்டாம். மணல் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் கழுத்து மடங்கி விழுந்தால் மணலும் சிமென்ட்டும் ஒன்றுதான். அப்படி யாராவது விழுந்து, கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால், தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

அவசரம் எதற்கு? உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினா 1975-ல் பிறந்தவர். 1992 பார்சிலோனா முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 33 வயதில், 2008 பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளி வாங்கினார். டோக்கியோவில் ஓடி வந்தபோது அவருக்கு 46 வயது. உங்கள் பயிற்சி மையத்தில் இந்த மாதம் கிடைக்காத அந்த அரைச் சுற்றுக்கு அடுத்த வருடம் வரை நேரம் இருக்கிறது. அதுவரை முதுகெலும்பு பத்திரம்!